45 வயதுக்கு மேல் பழைய டோஸ் போதாமல் போவது ஏன்? மனச்சிதைவும் ஈஸ்ட்ரோஜனும் (விவாத இழை)

#1 கார்த்திகைப்பூ

மனச்சிதைவு நோய் உள்ள பெண்கள் பலர் இருபது முப்பது வயதில் குறைந்த டோஸிலேயே நிலையாக இருக்கிறார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டும்போது சிலருக்கு அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் குரல்கள் திரும்ப வருகின்றன. தூக்கம் போகிறது, பக்கத்து வீட்டார் மேல் சந்தேகம் வருகிறது. வீட்டில் "மாத்திரையைத் துப்பிவிடுகிறாள்" என்பார்கள். டாக்டர் டோஸை ஏற்றுவார்.

இதற்குப் பின்னால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைவதும் ஒரு காரணம் என்று படித்தேன். இது எவ்வளவு தூரம் உறுதி? டோஸ் ஏற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்? ஹார்மோனையே மருந்தாகக் கொடுக்கலாமா?

சொந்தக் கதைகள் வேண்டாம். வேலைக்காகும் விவரம் மட்டும் எழுதுங்கள்.

#2 வேம்படி

நல்ல கேள்வி. முதலில் வயதுக் கணக்கு. ஜெர்மனியின் மன்ஹைமில் ஹைன்ஸ் ஹாஃப்னர் குழு, முதல்முறையாக நோய் வந்த 232 பேரைப் பின்தொடர்ந்தது. பெண்களுக்கு நோய் தொடங்குவது ஆண்களைவிட மூன்று நான்கு வருடம் தள்ளி இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஆண்களுக்கு இருபதுகளின் தொடக்கத்தில் ஒரே உச்சம், பிறகு இறக்கம்தான். பெண்களுக்கு மட்டும் 45 முதல் 49 வயதுக்குள் இரண்டாவதாக ஒரு சின்ன மேடு. மாதவிலக்கு நிற்கும் வயதும் அதுதான்.

அடுத்து அதே குழு எலிகளிடம் போனது. ஈஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்) கொடுத்த எலிக்கு, மனச்சிதைவு மருந்தான ஹாலோபெரிடால் போட்டால் விறைப்பு குறைவாக வந்தது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைச் செய்யும் அபோமார்ஃபின் போட்டால் திரும்பத் திரும்ப ஒரே செயலைச் செய்யும் பழக்கமும் குறைந்தது. டோபமைன் டி2 ஏற்பியின் உணர்திறனை ஈஸ்ட்ராடையால் மட்டுப்படுத்துகிறது என்பது அவர்கள் எடுத்த முடிவு. இளம் பெண்ணின் உடலில் லேசான ஆன்டிசைக்காடிக் (மனச்சிதைவு மருந்து) ஒன்று இயற்கையாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, அது வற்றும்போது மாத்திரை தனியாகப் பாரம் சுமக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். டொரொன்டோவின் மனநல மருத்துவர் மேரி சீமன் எண்பதுகளிலிருந்தே இதை வலியுறுத்தியவர்.

ஒரு எச்சரிக்கை: ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் நோய் "வருவதில்லை". அப்படி வருமென்றால் கோடி கோடி பெண்களுக்கு வந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சாய்வு உள்ள மூளைக்கு ஒரு முட்டு விலகுகிறது, அவ்வளவே.

#3 மாத்திரைப்பெட்டி

வேம்படி சார் மூளையைச் சொன்னார். நான் கல்லீரலைச் சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் பாதி அங்கேதான் நடக்கிறது.

ஓலன்சபைன், க்ளோசபைன் என்ற ஆன்டிசைக்காடிக் இரண்டையும் உடைப்பது பெரும்பாலும் சிஒய்பி 1ஏ2 என்ற நொதி. ஈஸ்ட்ரோஜன் அந்த நொதியை அடக்கும். அதனால் ஒரே 10 மி.கி. ஓலன்சபைனுக்குப் பெண்ணின் ரத்தத்தில் பொதுவாக ஆணைவிட அளவு கூடுதலாக நிற்கும். மாதவிலக்கு நின்றபின் அந்த அடக்குமுறை விலகுகிறது, நொதி சுறுசுறுப்பாகிறது, மருந்து சீக்கிரம் வெளியேறுகிறது. மூளையில் முட்டு போனது ஒரு அடி, ரத்தத்தில் மருந்து குறைவது இரண்டாவது அடி.

ஆனால் ரிஸ்பெரிடோனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது முக்கியமாக 2டி6 என்ற வேறு நொதி வழியாகப் போகிறது. எல்லா மருந்துக்கும் ஒரே விளக்கம் சொல்லாதீர்கள்.

இதில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மாதவிலக்கு நிற்கும் முன் அதிக ரத்தப்போக்கு வரும். மகப்பேறு பிரிவில் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் உள்ள கருத்தடை மாத்திரையை எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பெண் க்ளோசபைனில் இருந்தால் அளவு எகிறும்: வாயில் எச்சில் வழியும், நாளெல்லாம் மயக்கம், மலச்சிக்கல், சில சமயம் வலிப்பு. யாரும் அந்த மாத்திரையைச் சந்தேகிக்க மாட்டார்கள், க்ளோசபைனைக் குறைப்பார்கள். மூன்று மாதம் கழித்துக் கருத்தடை மாத்திரை நின்றுவிடும். இப்போது குறைத்த டோஸ், அடங்காத நொதி. நோய் திரும்பும். பழி "ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டதால்" என்று விழும். நிஜத்தில் அதை நிறுத்தியபோது க்ளோசபைனைத் திரும்ப ஏற்றாததுதான் தவறு.

சிகரெட்டும் பீடியும் அதே நொதியைத் தூண்டும், காபி அதே நொதிக்குப் போட்டியாக நிற்கும். மருந்துச் சீட்டில் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்: ஆன்டிசைக்காடிக், ஹார்மோன், புகை, காபி. எது எந்தத் தேதியில் மாறியது என்றும்.

#4 சல்லடை

> மாதவிலக்கு நின்றபின் மருந்து சீக்கிரம் வெளியேறுகிறது.

பெட்டி அண்ணா, பாதிதான் சரி. வயது கூடக்கூடக் கல்லீரல், சிறுநீரக வேகம் குறைந்து மருந்து அளவு மேலே போகவும் செய்யும். இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. யார் ஜெயிப்பார் என்று வயதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த மன்ஹைம் கணக்கு. அதை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்டதில் ஆண் பெண் தொடக்க வயது வித்தியாசம் எதிர்பார்த்தபடி வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை மட்டும் எண்ணியதால் அப்படி இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. ஆனால் கர்நாடகாவின் தீர்த்தஹள்ளி வட்டத்தில் வீடு வீடாகக் கண்டறிந்தவர்களை வைத்து 2008-இல் வந்த ஆய்விலும் சராசரியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஈஸ்ட்ரோஜன் இந்தியப் பெண்ணுக்கும் ஜெர்மன் பெண்ணுக்கும் ஒன்றுதானே? பிறகு ஏன்?

#5 வேம்படி

சல்லடை சொல்வது சரியான இடி. மறுக்கவில்லை.

ஒரு விடை மன்ஹைம் குழுவிடமிருந்தே வருகிறது: நெருங்கிய ரத்த உறவில் நோய் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் அங்கேயும் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. பரம்பரைச் சுமை கனமாக இருந்தால் ஈஸ்ட்ரோஜன் முட்டு தாங்குவதில்லை. இங்கே பெண்ணின் அறிகுறியை எப்போது "நோய்" என்று குடும்பம் ஒப்புக்கொள்கிறது என்பதும் உண்டு. கல்யாணப் பேச்சு, பிரசவம் இரண்டும் தேதியை முன்னும் பின்னும் தள்ளும்.

தொடக்க வயதை விட்டுவிடுங்கள். ஒரே பெண்ணுக்குள் நடக்கும் மாற்றம்தான் எனக்குப் பலமான சாட்சி. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் மனநோய்ப் பிரிவில் அனுமதி ஆவது, மற்ற நாட்களின் விகிதத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் வந்தது. ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்தில் இருக்கும் நாட்கள் அவை. பிரசவத்துக்குப் பின் சில நாட்களில் அதே ஹார்மோன் செங்குத்தாகச் சரிகிறது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் தீவிர மனநோய் வருகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு இருதுருவ நோயோடு தொடர்புள்ளது, மனச்சிதைவின் கணக்கில் எழுதக் கூடாது.

#6 சோதனைக்குழாய்

ஆய்வகத்துப் பக்கம் இருந்து. நீங்கள் எல்லோரும் மெனோபாஸ் என்று நேராகப் போகிறீர்கள். மனச்சிதைவு மருந்தில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றால் முதல் சந்தேகம் மெனோபாஸ் அல்ல. ப்ரோலாக்டின்.

சுருக்கமாக வழி: டோபமைன்தான் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டினை அடக்கி வைத்திருக்கும். ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் ஆகியவை அந்தப் பூட்டைத் திறந்துவிடும். ப்ரோலாக்டின் ஏறினால் மூளையிலிருந்து கருமுட்டைப்பைக்குப் போகும் கட்டளை அடங்கும், எல்எச், எஃப்எஸ்எச் என்ற கட்டளை ஹார்மோன்கள் இறங்கும், ஈஸ்ட்ராடையால் வற்றும். ஆக 28 வயதுப் பெண்ணுக்கு மருந்தே ஒரு மெனோபாஸை உண்டாக்கிவிடும். நோய்க்கு எதிரான மருந்து, நோய்க்கு எதிரான ஹார்மோனைப் பறிக்கிறது. இந்த முரணைப் பார்க்காமல் டோஸ் ஏற்றினால் ப்ரோலாக்டின் இன்னும் ஏறும்.

ரத்தம் எடுப்பதில் நடக்கும் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன்:

காலையில் எழுந்த உடனே எடுக்காதீர்கள். தூக்கத்தில் ப்ரோலாக்டின் உச்சத்தில் இருக்கும். எழுந்து ஒரு மணி நேரமாவது போகட்டும். வெறும் வயிறு நல்லது. முந்தின இரவு உறவு, மார்பகத் தூண்டல், கடும் உடற்பயிற்சி எல்லாம் அளவை ஏற்றும். ஊசியைப் பார்த்தே நடுங்குபவர் என்றால் பத்து இருபது நிமிடம் உட்கார வைத்து எடுங்கள். மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் எடுத்தால் உச்ச அளவு வரும், ஆகவே அடுத்த வேளை மாத்திரைக்கு முன் எடுப்பது ஒப்பிடத் தோதானது.

அலகு. ஒரு லேப் நானோகிராம்/மி.லி. என்று தரும், இன்னொன்று மில்லி ஐ.யு./லிட்டர் என்று தரும். முதலாவதை 21.2 ஆல் பெருக்கினால் இரண்டாவது. "போன மாசம் 60, இந்த மாசம் 1270" என்று அலறுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை, இரண்டும் ஒன்றுதான். பெண்களுக்குச் சாதாரணமாக 25 நானோகிராமுக்குள் இருக்கும்.

அதிகமாக வந்தால் உடனே ஆன்டிசைக்காடிக்கைக் குறை சொல்லாதீர்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு டிஎஸ்எச் (தைராய்டு சோதனை), தைராய்டு குறைவு ப்ரோலாக்டினை ஏற்றும். பிறகு மருந்துப் பை. வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கும் டோம்பெரிடோன், மெட்டோக்ளோப்ரமைடு இரண்டும் அதையே செய்யும். அல்சர் மாத்திரையோடு டோம்பெரிடோன் ஒரே கேப்சூலில் சேர்ந்து வருவதால் வீட்டாருக்கே தெரியாது. அறிகுறி எதுவும் இல்லாமல் அளவு மட்டும் உயர்ந்திருந்தால் மேக்ரோப்ரோலாக்டின் சோதனை கேளுங்கள். அது பெரிய மூலக்கூறாகக் கட்டி நிற்கும், உடலில் பெரிதாக வேலை செய்யாது.

200 நானோகிராமைத் தாண்டினால் பிட்யூட்டரி கட்டியை நினைக்க வேண்டும், தலைவலி, பக்கப் பார்வை குறைவு இருந்தால் எம்ஆர்ஐ தள்ளிப்போடக் கூடாது. ஆனால் ரிஸ்பெரிடோன் மட்டுமே 200-ஐத் தொடுவதும் உண்டு.

#7 கார்த்திகைப்பூ

சோதனைக்குழாய் அக்கா, அருமை. சரி, ப்ரோலாக்டின் ஏறியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்?

#8 மாத்திரைப்பெட்டி

நோய் எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று வழிகள் உண்டு, மூன்றிலும் கண்ணி இருக்கிறது.

டோஸைக் குறைப்பது: நோய் திரும்பும் ஆபத்து. ப்ரோலாக்டினை ஏற்றாத மருந்துக்கு மாறுவது, அதாவது அரிபிப்ரசோல், க்வெட்டியாபைன் போல: நிலையாக இருப்பவரை அசைப்பதில் அதே ஆபத்து. இருக்கும் மருந்தோடு அரிபிப்ரசோல் 5 மி.கி. சேர்ப்பது: ரிஸ்பெரிடோனோடு நன்றாக வேலை செய்யும், சில வாரங்களிலேயே அளவு இறங்கத் தொடங்கும். அமிசல்பிரைடோடு அவ்வளவாகச் செய்யாது. சேர்த்த முதல் வாரங்களில் உட்கார முடியாத தவிப்பு வருகிறதா என்று பாருங்கள், அதை "நோய் கூடிவிட்டது" என்று தப்பாகப் படித்து மறுபடி ரிஸ்பெரிடோனை ஏற்றும் கொடுமை நடக்கும்.

ப்ரோலாக்டினை இறக்கும் கேபர்கோலின், ப்ரோமோக்ரிப்டின் என்று யோசிப்பவர்களுக்கு: அவை டோபமைனைத் தூண்டுபவை. குரலைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். கடைசி வழியாக, மனநல மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் சேர்ந்து மட்டும்.

இன்னொன்று, இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ப்ரோலாக்டின் இறங்கினால் கருமுட்டை வெளிவரத் தொடங்கும். பல வருடம் மாதவிலக்கே இல்லாமல் இருந்தவருக்கு, முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு தங்கலாம். மருந்தை மாற்றும் அன்றே கருத்தடை பற்றிப் பேசிவிட வேண்டும். குறிப்பாக அந்தப் பெண் கருவைப் பாதிக்கும் வால்ப்ரோயேட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால். கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்து என்றால் கருத்தடை மாத்திரையே வலுவிழக்கும்.

#9 வேம்படி

> நோய்க்கு எதிரான மருந்து, நோய்க்கு எதிரான ஹார்மோனைப் பறிக்கிறது.

இந்த வரியோடு எலும்பையும் சேர்க்க வேண்டும். வருடக்கணக்கில் ஈஸ்ட்ராடையால் வற்றியிருந்தால் முப்பத்தைந்து வயதிலேயே எலும்பு தேயும். மாதவிலக்கு ஒரு வருடத்துக்கு மேல் இல்லாவிட்டால் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் கேட்பது நியாயம். ஃபின்லாந்துப் பதிவேட்டை வைத்து 2021-இல் வந்த ஆய்வில், ப்ரோலாக்டினை ஏற்றும் மருந்துகளை ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்த பெண்களுக்கு மார்பகப் புற்று வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காக இருந்தது. பயந்து மருந்தை நிறுத்தாதீர்கள். மேமோகிராமைத் தவறவிடாதீர்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

#10 கார்த்திகைப்பூ

மூன்றாவது கேள்விக்கு வரலாமா? "ரலாக்சிஃபென் மனச்சிதைவைக் குணப்படுத்துகிறது" என்று வாட்ஸப்பில் ஒன்று சுற்றுகிறது. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும், சில இடங்களில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் மாத்திரை அது.

#11 சல்லடை

அந்த மெசேஜை அனுப்பியவர் 2011-இல் நின்றுவிட்டார். முழு வரிசையைச் சொல்கிறேன்.

ஸ்பெயினில் 2011: மாதவிலக்கு நின்ற 33 பெண்கள், நாளைக்கு 60 மி.கி. ரலாக்சிஃபென், 12 வாரம். நல்ல பலன். மெல்பர்னில் ஜெயஸ்ரீ குல்கர்னி குழு 2016: 56 பெண்கள், 120 மி.கி., 12 வாரம். மறுபடி நல்ல பலன். இங்கேதான் வாட்ஸப் முடிகிறது.

2017-இல் ருமேனியாவில் 200 பெண்கள். நோய் முற்றிய நிலை, அதே 120 மி.கி., 16 வாரம். இதில் மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் மேலாக இருந்தார்கள். ஆமாம், தலைகீழ். பிறகு நெதர்லாந்துப் பக்கம் ஆண்களையும் பெண்களையும் சேர்த்து நூறு பேரளவில் செய்ததிலும் ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை. சிறிய ஆய்வுகள் ஜெயிப்பதும் பெரியவை தோற்பதும் மருத்துவத்தில் பழைய கதை. ஆகவே ரலாக்சிஃபெனை வழக்கமாகச் சேர்க்க இன்று ஆதாரம் போதாது. எலும்புத் தேய்மானமும் இருக்கிறது, வேறு தடையும் இல்லை என்றால் எலும்புக்காக அதைத் தேர்ந்தெடுப்பது வேறு விஷயம்.

அதைக் கொடுத்தால் ரத்த உறைவு ஆபத்து உண்டு. காலில் கட்டுப் போட்டோ, அறுவை சிகிச்சையாலோ நீண்ட நாள் படுக்கை என்றால் 72 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். மனச்சிதைவில் அசையாமல் உறைந்து கிடக்கும் நிலை வருபவருக்கு இதை எழுதும்போது இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஆன்டிசைக்காடிக்கும் உறைவு ஆபத்தைக் கொஞ்சம் ஏற்றும் என்பது கூடுதல்.

#12 வேம்படி

சல்லடை ரலாக்சிஃபெனோடு நிறுத்திவிட்டார். அசல் ஈஸ்ட்ராடையாலுக்கு ஆதாரம் இதைவிடக் கொஞ்சம் உறுதியானது. குல்கர்னி குழு 2008-இல் 102 பெண்களுக்கு 100 மைக்ரோகிராம் தோல் பேட்ச் 28 நாள் போட்டது. 2015-இல் மருந்துக்கு மசியாத 183 பெண்கள், 100 அல்லது 200 மைக்ரோகிராம், 8 வாரம். 200-இல் பலன் அதிகம், முக்கியமாகக் குரல், மருட்சி போன்ற அறிகுறிகளில். இவை வேறு நாட்டிலும் நிற்குமா என்று மால்டோவாவில் 200 பெண்களிடம் 200 மைக்ரோகிராம் சோதித்தார்கள், 2019-இல் வெளியானது. நின்றது. ஆனால் அளவு சின்னது, அதுவும் பெரும்பாலும் 38 வயதுக்கு மேற்பட்டவர்களிடம்.

2024-இல் ஃபின்லாந்திலிருந்து: மனச்சிதைவுள்ள, 40 முதல் 62 வயதுப் பெண்கள் 3,488 பேர். மெனோபாஸ் ஹார்மோன் சிகிச்சை எடுத்த காலங்களில் நோய் திரும்புவது 16 சதவீதம் குறைவு. 56 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. இது பதிவேட்டு ஆய்வு, குலுக்கிப் போட்டுச் செய்த சோதனை அல்ல. என்றாலும் 38-க்கு மேல், 56-க்குள் என்று இரண்டு ஆய்வும் கை காட்டும் இடம் ஒன்றுதான்: ஹார்மோன் சரியும் அந்தப் பத்துப் பதினைந்து வருடம்.

#13 மருதாணி

மகப்பேறு பக்கத்திலிருந்து. 200 மைக்ரோகிராம் பேட்ச் என்பது மெனோபாஸுக்குக் கொடுக்கும் வழக்கமான அளவைப் போல பல மடங்கு. வழக்கமாக நாங்கள் தொடங்குவது 25 முதல் 50. ஆய்வில் போட்டார்கள் என்று வீட்டில் நான்கு பேட்ச் ஒட்டாதீர்கள்.

நம்மூரில் பேட்ச் எளிதில் கிடைப்பதில்லை, ஜெல்தான் அதிகம் பயன்படுகிறது. 0.06 சதவீத ஜெல் 2.5 கிராம் என்றால் 1.5 மி.கி. ஈஸ்ட்ராடையால். தோள், மேல்கை அல்லது தொடையின் உட்புறத்தில் மெல்லிசாகப் பரப்பி, காய விட்டு, பிறகுதான் சட்டை. மார்பில் தடவக் கூடாது. ஒரு மணி நேரமாவது அந்த இடத்தைக் கழுவக் கூடாது, கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தடவிய கையோடு பேரக்குழந்தையைத் தூக்குவதுதான் வீடுகளில் நடக்கும் தவறு, குழந்தையின் தோலுக்கு ஹார்மோன் போய்ச் சேரும்.

மாத்திரையைவிட ஜெல்லையும் பேட்சையும் விரும்பக் காரணம், கல்லீரலை முதலில் தொடாது, ரத்த உறைவு ஆபத்து குறைவு. புகைப்பிடிப்பவர், எடை கூடியவர், ஓலன்சபைனில் சர்க்கரை ஏறியவர் என்று இந்தக் கூட்டத்தில் அந்த ஆபத்து ஏற்கெனவே உள்ளவர்கள் பலர்.

கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கவே கூடாது. உட்சுவர் தடித்துப் புற்றாகலாம். மைக்ரோனைஸ்டு ப்ரொஜஸ்டரான் தினமும் இரவு 100 மி.கி., அல்லது மாதத்தில் 12 நாள் 200 மி.கி. அது தூக்கம் தரும், ஆன்டிசைக்காடிக்கோடு சேர்ந்தால் மறுநாள் காலை வரை நீளும், ஆகவே படுக்கப் போகும்போது மட்டும். மார்பகப் புற்று, உறைவு வரலாறு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் ஈஸ்ட்ரோஜன் வேண்டாம்.

"உளுந்தங்களியும் சோயாவும் போதுமா" என்று யாராவது கேட்பதற்கு முன்: உளுந்தங்களி நல்ல சாப்பாடு. குரலுக்கு மருந்தல்ல.

#14 நாட்காட்டி

டோஸைத் தொடுவதற்கு முன் என்ன பார்ப்பது என்ற கேள்விக்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்று.

"அமாவாசைக்கு அமாவாசை கூடுகிறது" என்று பல குடும்பங்கள் சொல்லும். கேலி செய்யாதீர்கள். 28, 30 நாளுக்கு ஒரு முறை ஏதோ ஏறுகிறது என்று அவர்கள் கவனித்திருக்கிறார்கள், அது நிலவா மாதவிலக்கா என்பதுதான் பிரித்துப் பார்க்க வேண்டியது. மாதக் காலண்டரில் அமாவாசை ஏற்கெனவே கறுப்பு வட்டமாக இருக்கும். மாதவிலக்கு தொடங்கும் நாளில் சிவப்புப் பேனாவால் வட்டம். தினமும் இரவு அந்த நாளின் கட்டத்தில் மூன்று எண்கள்: எத்தனை மணி நேரத் தூக்கம், குரல் 0 முதல் 10, சந்தேகம் 0 முதல் 10. கீழே மாத்திரை விழுங்கியதற்கு ஒரு டிக், கண்ணால் பார்த்தால் மட்டும்.

இரண்டு மூன்று சுழற்சி போதும். எண்கள் சிவப்பு வட்டத்துக்கு முந்தின நாலைந்து நாளில் ஏறி, அது வந்து சில நாளில் இறங்கினால், மருத்துவரிடம் காட்ட அதைவிட நல்ல தாள் இல்லை. மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டவர்களுக்கு இது வேலை செய்யாது, அவர்களுக்கு வியர்த்துக் கொட்டும் இரவுகளைக் குறித்து வையுங்கள். உடல் தகித்து எழுந்து தூக்கம் கெட்டாலே சந்தேகம் கூடும்.

நினைவிலிருந்து பின்னோக்கி எழுதாதீர்கள். அப்படி எழுதினால் நாம் நம்புவதுதான் காலண்டரில் வரும்.

#15 புதுவெள்ளம்

ஆண்களுக்கு?

#16 சல்லடை

ஆணுக்கு ஈஸ்ட்ராடையால் நீண்ட நாள் கொடுக்க முடியாது, மார்பு வளரும். டெஸ்டோஸ்டெரோன் குறைவுக்கும் பேசாமல் ஒடுங்கிக் கிடக்கும் அறிகுறிகளுக்கும் தொடர்பு என்று சில ஆய்வுகள், இல்லை என்று சில. சிகிச்சையாகக் கொடுக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. ஜிம்மில் உடம்பு ஏற்ற ஸ்டீராய்டு ஊசி போடும் இளைஞருக்குத் திடீரென்று சந்தேகமும் ஆவேசமும் வந்தால் அதைக் கேட்டுவிடுங்கள், அது வேறு கதவு. ப்ரோலாக்டின் விஷயம் ஆணுக்கும் பொருந்தும்: ஆசை குறைதல், விறைப்பின்மை. மாத்திரையை ரகசியமாக நிறுத்த இது பெரிய காரணம். மருத்துவர் கேட்காவிட்டால் அவர் சொல்ல மாட்டார்.

#17 கார்த்திகைப்பூ

எல்லோருக்கும் நன்றி. டோஸ் ஏற்றும் முன் மருத்துவரிடம் கேட்க ஒரு வரிசை எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

1) மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா. 2) போன மூன்று மாதத்தில் புகை, கருத்தடை மாத்திரை, வேறு மருந்து ஏதாவது மாறியதா. 3) க்ளோசபைன் என்றால் ரத்த அளவு. 4) ப்ரோலாக்டின், டிஎஸ்எச், கர்ப்பப் பரிசோதனை. 5) எஃப்எஸ்எச் பார்த்து, குறைவாக இருந்தால் மெனோபாஸ் இல்லை என்று முடிவு செய்வது. 6) மெனோபாஸ் என்றால் மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து ஹார்மோன் பற்றிப் பேசுவது, ஆன்டிசைக்காடிக்கை நிறுத்தாமல்.

#18 மாத்திரைப்பெட்டி

மூன்றாவதில்: கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து, அடுத்த டோஸுக்கு முன் எடுத்த ரத்தம். டோஸ் மாறி ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பொதுவாக 350 நானோகிராம்/மி.லி. தொட்டால்தான் போதுமான அளவு என்று பார்ப்பார்கள். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் அன்று எடுக்காதீர்கள், மறுநாள் வரச் சொல்லுங்கள்.

#19 சோதனைக்குழாய்

ஐந்தாவது தப்பு. ப்ரோலாக்டின் ஏறியிருக்கும்போது எஃப்எஸ்எச் கீழே அழுத்தப்பட்டிருக்கும். 50 வயதில் கருமுட்டைப்பை ஓய்ந்துபோயிருந்தாலும் எண் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாமல் போகலாம், மெனோபாஸ் இல்லை என்று ஏமாறுவீர்கள். ஆகவே 4-ஐயும் 5-ஐயும் ஒரே ரத்தத்தில் பாருங்கள், சேர்த்துப் படியுங்கள். ப்ரோலாக்டின் சாதாரணம், எஃப்எஸ்எச் உயர்வு: மெனோபாஸ் பக்கம். ப்ரோலாக்டின் உயர்வு, எஃப்எஸ்எச் தாழ்வு: மருந்தின் வேலை, ஆனால் மெனோபாஸ் இல்லை என்று அர்த்தமல்ல. இரண்டும் உயர்வு என்றாலும் மெனோபாஸ்தான், மருந்தும் கூடவே இருக்கிறது. எல்லைக்கோட்டில் இருந்தால் ஆறு வாரம் விட்டு மறுபடி, ஏனென்றால் அந்த வயதில் எஃப்எஸ்எச் மாதத்துக்கு மாதம் ஆடும்.

கருத்தடை மாத்திரையில் இருக்கும்போது எடுத்த எஃப்எஸ்எச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீட்டில் அதை எழுதிக் கொடுங்கள், லேப்பில் யாரும் கேட்க மாட்டார்கள்.

#20 கார்த்திகைப்பூ

திருத்திவிட்டேன் அக்கா. 4, 5 ஒரே ஊசியில்.